குடை பிடித்த நாடும் சிறையிலிருந்த வைத்தியரும்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. மலைகளெல்லாம் இப்போது இருக்கும் இடத்தில்தான் அப்போதும் இருந்தன, மனிதர்கள்தாம் வேறு. அந்தக் காலத்தில் செங்கழுநீர்ப்பட்டணத்தை வச்சிரபாகு என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். குடிமக்களிடம் கடுஞ்சொல் பேசமாட்டான். ஒரே ஒரு குறை, எதற்கும் காரணம் அவனுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். குழம்பில் உப்புக் கூடினாலும் காரணம் கேட்பான், யானை தும்மினாலும் காரணம் கேட்பான்.

காரணம் சொல்வதற்கென்றே சாரங்கர் என்றொரு மந்திரி இருந்தார். தெரியாது என்ற சொல் ஒன்றுதான் அவருக்குத் தெரியாது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ராஜா காரணம் கேட்டான். சாரங்கர் மூன்று நாள் யோசித்தார். போன வருஷம் மழை பெய்த நாளெல்லாம் ஊரார் கையில் குடை இருந்தது, இந்த வருஷம் ஒருவர் கையிலும் குடை இல்லை, குடையில்லாத ஊரில் மேகத்துக்கு என்ன வேலை என்றார். ராஜாவுக்கு அது சரியாகவே பட்டது. சூரியன் உதித்தது முதல் மறையும்வரை எல்லோரும் குடை பிடிக்க வேண்டும் என்று அன்றே தண்டோரா போட்டார்கள்.

பிடித்தார்கள். குயவர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் மண்ணுமாக வனைந்தார்; பானைகளெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பதுபோலச் சாய்ந்து நின்றன. நாவிதர் ஒற்றைக் கையால் மழித்ததில் பாதி ஊருக்குப் பாதி மீசைதான் மிஞ்சியது. ஏரியைத் தூர் வாரப் போனவர்களால் ஒரு கையால் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. குடைக்கடியில் உட்கார்ந்து கதை பேசினார்கள். மாட்டுக் கொம்பிலும் குடை கட்டினார்கள். மழை வரவில்லை. குடைகள் சிறியவை, மேகத்தின் கண்ணில் படவில்லை என்றார் சாரங்கர். குடைகள் பெரிதாயின.

அடுத்தது பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஏன் மெதுவாகப் படிக்கிறார்கள் என்று ராஜா கேட்டான். சாரங்கர் சபையிலிருந்த பண்டிதர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். எல்லோரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். கண்ணைச் சுருக்கினால் கல்வி வரும் என்று கண்டுபிடித்தார். அதுமுதல் பள்ளிக்கூடத்தில் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டுக் காலையிலிருந்து மாலைவரை கண்ணைச் சுருக்கினார்கள். விழித்துப் பார்த்த பிள்ளைக்குப் பிரம்படி. ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைக்கும் தன் பெயரை எழுதத் தெரியவில்லை. ஆனால் பார்வை மட்டும் மகாபண்டிதர் பார்வை.

மூன்றாவதாக ஊரில் காய்ச்சல் வந்தது. எந்தெந்த வீட்டில் நோய் என்று சாரங்கர் விசாரித்தார். அந்த வீடுகளுக்கெல்லாம் அழகர்நம்பி என்ற வைத்தியர் போயிருந்தார். நோயில்லாத வீடு எதற்கும் அவர் போகவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வைத்தியரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் போட்டார்கள். பாவம், அவரைக் கட்டி இழுத்துப் போன காவலனுக்கும் இருமல் இருந்தது. வழியெல்லாம் அவனுக்குக் கஷாயம் சொல்லிக்கொண்டே போனார்.

இப்போது சடைச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையிலிருந்து ஒரு காத தூரத்தில், தாழை மடலைக் கிழித்துக் குடை பின்னிப் பிழைத்தவள் அவள். தண்டோரா போட்ட நாளிலிருந்து அவள் வாழ்க்கையே மாறிவிட்டது. கூரை புதிதாயிற்று, இரண்டு வேளையும் நெல்லுச்சோறு. அவள் தெருவில் இருபது குடும்பங்கள் அதே தொழில். எல்லோரும் சாரங்கரைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். குடையால் மழை வராது என்று சடைச்சிக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல்தான் இருந்தாள்.

வைத்தியர் சிறைக்குப் போன இருபத்தைந்தாம் நாள் அவள் புருஷன் மாயனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, வாய் பிதற்றியது. வைத்தியர் இல்லை. அவள் மடலைக் கீழே போட்டுவிட்டு நேரே சபைக்கு நடந்தாள்.

"மகாராஜா, வைத்தியர் சிறைக்குப் போய் ஒரு மாதமாகிறது. என் புருஷனுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அவர் எப்படி அதைக் கொண்டுவந்திருப்பார்?" என்றாள்.

ராஜா சாரங்கரைப் பார்த்தான். சிறையிலிருந்து காற்று அடித்திருக்கும் என்றார் சாரங்கர். ராஜா தலையாட்டினான்.

சடைச்சி விடவில்லை. வைத்தியரை இங்கேயே வரவழையுங்கள், நோயில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவருக்கு நோய் வந்தால் என்னையும் சிறையில் போடுங்கள் என்றாள். நோயில்லாதவர் யார் என்று ராஜா கேட்டதும் சபையே இரண்டடி பின்வாங்கியது. சாரங்கரால் மட்டும் பின்வாங்க முடியவில்லை. வைத்தியரை அடைத்த நாளிலிருந்து தமக்கு ஒரு தும்மல்கூட இல்லை என்று தினமும் சொல்லி வந்தவர் அவர்தானே.

வைத்தியரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அழகர்நம்பி பழக்கதோஷத்தில் மந்திரியின் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் நாடி பார்த்தார்.

"வயிற்று வலி," என்றார்.

சாரங்கரின் முகம் வெளுத்தது. மறுகணமே எழுந்து நின்று, "பார்த்தீர்களா மகாராஜா? இவர் தொட்டார், வலி வந்துவிட்டது," என்றார்.

சபை அதிர்ந்தது. காவலர் சடைச்சியின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். வீட்டில் மாயன் தண்ணீர் கேட்டால் கொடுக்கக்கூட ஆளில்லையே என்றுதான் அவள் நினைத்தாள். அப்போது சாரங்கர் வலி தாங்காமல் குனிந்தார். அவர் அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஒரு துணிமுடிப்பு நழுவித் தரையில் விழுந்து அவிழ்ந்தது. வறுத்த உப்பு. ஒத்தடம் கொடுக்கிற உப்பு.

சடைச்சி அதையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, வலி இப்போதுதான் வந்ததென்றால், உப்பை வீட்டிலேயே எதற்கு வறுத்துக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

சாரங்கர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், உப்பைப் பார்த்தார். ஆறு நாளாக வலி என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆறு நாளுக்கு முன் வைத்தியர் எங்கே இருந்தார் என்று ராஜா கேட்டான். சிறையில் என்றார்கள் காவலர்கள். முதல் தடவையாக ராஜா காரணம் கேட்கவில்லை, யோசித்தான்.

வைத்தியரின் விலங்கை அவிழ்த்தார்கள். அவர் வாசலுக்குப் போய் நின்று சடைச்சியைக் கூப்பிட்டார். அவள் கிளம்பும்போது ராஜா நிறுத்தினான்.

"அம்மா, நீ குடை பின்னுகிறவள். நீயே சொல். குடை பிடித்தால் மழை வருமா?"

இங்கேதான் அவளுக்கு உண்மையான சோதனை. வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது குடும்பமும் இன்னும் நன்றாக வாழும். வீட்டில் பின்னி அடுக்கிய குடைகள் கூரை முட்ட இருந்தன. சடைச்சி தலை குனிந்தாள்.

"வராது, மகாராஜா. மழை வந்தால்தான் குடை பிடிப்பார்கள். எனக்கு முதலிலேயே தெரியும். சோறு கிடைத்ததால் வாயை மூடிக்கொண்டேன்."

ராஜா அவளைத் தண்டிக்கவில்லை. நானும்தான் அது உண்மையா என்று கேட்காமல் இருந்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

மாயனுக்கு மூன்றாம் நாள் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, கஞ்சி கேட்டான். ஆனால் அதே தெருவில் இரண்டு வீடுகளுக்கு வைத்தியர் போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிட்டது. அந்த இரண்டு வாசலிலும் ராஜா போய்த் தனியாக நின்றான். குடை உத்தரவு நீங்கிப் பிழைப்புப் போன கோபத்தில் தெருவார் சடைச்சியோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஏட்டை அவிழ்த்தார்கள். ஊரார் இரண்டு கையாலும் மண்வெட்டி பிடித்து ஏரியைத் தூர் வாரினார்கள். ஐப்பசியில், வரவேண்டிய காலத்தில், மழை வந்தது. ஏரி நிரம்பியது. ராஜா கரையில் நின்று பார்த்தான். பக்கத்தில், வைத்தியரின் சூரணத்தால் வயிறு குணமான சாரங்கர் நின்றார். தவளைகள் ஊரைத் தூக்கிக்கொண்டு போவதுபோலக் கத்தின.

சாரங்கர் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, இந்தத் தவளைகள் இப்படிக் கத்துவதால்தான்..." என்று தொடங்கினார்.

ராஜா திரும்பிப் பார்த்தான்.

"தெரியாது," என்றார் சாரங்கர்.

ஆகவே கேட்டவர்களே, இரண்டு காரியங்கள் சேர்ந்து வருவதைக் கண்டதும் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்கிவிடாமல், எது முந்தி வந்தது என்று கேட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.