அமிலப் பைக்குள் போனது

"மேடம், இதுவும் போச்சுன்னா நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

சிங்கராயர் கையில் ஒரு சீசா. உள்ளே ஒரு வைரஸ். கொசுவைத் தவிர வேறெந்தப் பிராணியையும் சீண்டாத சாது.

அதைப் பிடித்த சதுப்பு நிலத்தில் இப்போது பேருந்து நிலையம் நிற்கிறது. மிச்சம் இந்த ஒரு சீசாதான். மற்றவையெல்லாம் கொசுச் செல்களுக்குள் போயின. போனது போனதுதான்; ஒன்றும் பெருகவில்லை.

சிங்கராயர் வாத்தியார் வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி நூர்ஜஹான் அவரைவிட வயதில் சின்னவர்.

"உள்ள போனதும் என்ன ஆகுது சார்?"

"செல்லு அதைப் பையில சுருட்டி முழுங்குது. அப்புறம் பைக்குள்ள அமிலத்தைப் பாய்ச்சுது, பாவி!"

"நீங்க?"

"விடுவேனா? அமிலத்தை முறிக்க மருந்து விடுறேன். ஒரு தடவைகூட விடாம இருந்ததில்ல."

நூர்ஜஹான் மருந்துப் புட்டியை எடுத்தார். கழிவுத் தொட்டியில் கவிழ்த்தார்.

"ஐயோ! புலி வாயில புள்ளையைக் குடுக்கச் சொல்றீங்களே!"

"ஊத்துங்க."

"ஊத்துனா திரும்ப அள்ள முடியாது மேடம்."

"தெரியும். ஊத்துங்க."

சீசாவைச் செல்கள் இருந்த தட்டில் ஊற்றினார்.

கொசுவின் செல்லுக்கு வாய் கிடையாது. பசி வந்தால் உடம்பெல்லாம் வாய். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் விழுங்கி ஏப்பமும் விட்டிருக்கும்.

நூர்ஜஹான் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சிங்கராயருக்குச் சோறு இறங்கவில்லை. எழவு வீட்டு வாசலில் உட்கார்ந்தவர்போல செல்கள் வளரும் அடைபெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சாயம் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. வைரஸ் பெருகிய செல் பச்சையாக மின்னும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

இருட்டு.

தட்டை நகர்த்தினார்.

ஓர் ஓரத்தில் பச்சை. பக்கத்தில் பச்சை. அதற்கப்பால் நாற்றங்கால்போல ஒரே பச்சை!

"மேடம்! தப்பிச்சுடுச்சு! அமிலத்திலேர்ந்து தப்பிச்சுடுச்சு!"

நூர்ஜஹான் நிதானமாக வந்தார்.

"அப்படியா? அது மேல முள்ளு முள்ளா ஒரு புரதச் சட்டை இருந்துச்சே?"

"அது பையிலயே தங்கிடுச்சு."

"அதுக்கடியில கொழுப்புத் தோலு?"

"பையோட தோலோட ஒட்டிக் கலந்துபோச்சு."

"உள் ஓடு?"

"பிரிஞ்சு போச்சு. உள்ள இருந்த ஒத்தை மரபு இழை மட்டும் வெளிய வந்து பெருகி..."

"எது பட்டதும் இதெல்லாம் கழண்டுச்சு?"

சிங்கராயரின் குரல் இறங்கிவிட்டது.

"அமிலம் பட்டதும். நான் முறிச்சுட்டே இருந்த அதே அமிலம்."

"சட்டையும் இல்ல, தோலும் இல்ல, ஓடும் இல்ல. தப்பிச்சது யாரு சார்?"