கள்ளிவலசை ராஜா விழவே இல்லை

கள்ளிவலசை ராஜா பூபதிரங்கர் அப்படியொன்றும் பெரிய ராஜா இல்லை. ராஜ்யத்தைவிட அவர் தொப்பைதான் பெரிசு. ஆனால் நம்மைப்போல் சாதாரணமாக அவர் எதையும் செய்யமாட்டார். சாப்பிட்டால் 'அமுது செய்தார்'. தூங்கினால் 'திருக்கண் வளர்ந்தார்'. கொட்டாவிக்குக்கூட அரண்மனையில் ஒரு கௌரவமான சொல் உண்டு.

அப்பேர்ப்பட்டவர், நிறைந்த சபையில் தன் பட்டு அங்கவஸ்திரத்தைத் தானே மிதித்து, பொத்தென்று விழுந்துவிட்டார். அதற்கு மட்டும் சொல்லே இல்லை!

"கொன்றைமுத்து!" என்று சபைப் புலவரைக் கூப்பிட்டார். "'விழுந்தார்' என்று எவனாவது சொன்னால் நாக்கை அறுப்பேன். இதற்கு நாளைக்குள் ஒரு ராஜசொல் கொண்டு வாரும். கேட்கிறவன் எவனும் சிரிக்கக் கூடாது."

"சிரித்துவிட்டால், மகாராஜா?"

தளவாய் இருளப்பர் முந்திக்கொண்டார். "பாதி மீசையை மழித்துக் கழுதைமேல் ஊர்வலம்!" புலவரின் மீசைமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

புலவர் வீட்டில் உட்கார்ந்து சொல் கட்டினார். 'திருத்தரை சேர்ந்தார்' என்றதும் பெண்டாட்டி சிரித்தாள். 'பூமிதேவியைத் தழுவினார்' என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். புலவர் மீசையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் சொன்னார்: "மகாராஜா, பார்த்தவர் வாயில்தான் சொல் பிறக்கும். நானோ நேற்று ஏட்டுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தேன். பார்த்தவர் யாராவது சொல்லட்டும்."

"நான் பார்த்தேன், கண்ணாரப் பார்த்தேன்!" என்றார் தளவாய்.

"அப்படியா? கையெட்டும் தூரத்தில்தானே நின்றீர். பார்த்துக்கொண்டே பிடிக்காமல் விட்டீரா?"

ராஜாவின் புருவம் ஏறியது. தளவாய் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "இல்லை... நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

மந்திரி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜோசியருக்குக் கண்ணில் தூசியாம். சபையிலிருந்த நாற்பது பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் பார்க்கவில்லை என்றால் நடக்கவே இல்லை, மகாராஜா. நடக்காததற்குச் சொல் எதற்கு?"

"யோவ், என் இடுப்பு வலிக்கிறதே!"

"அதற்கு வைத்தியர் போதுமே. புலவன் எதற்கு?"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குலுங்கிய குலுங்கலில் சிம்மாசனம் பின்பக்கம் சாய்ந்தது. கால் ரெண்டும் மேலே, ஆள் கீழே.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"அட பாவிகளா, தூக்குங்களேன்!"

கொன்றைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மகாராஜா எங்கிருந்தோ அழைக்கிறார். எங்கே என்றுதான் தெரியவில்லை."

"புலவரே! வலக்கைத் தங்கக் காப்பு உமக்குத்தான்!"

புலவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இப்போது பாதி தெரிகிறது, மகாராஜா. இடக்கையில் என்ன போட்டிருக்கிறீர்கள்?"