தலைவர் சிலைக்குச் சூளை வைத்தது

தலைவர் தீப்பொறி திருமேனிக்கு நேர்ந்த அநீதிகளை வரிசை மாற்றிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முதலாவது, பொதுக்கூட்டத்தில் அவர் வாய் திறந்த நேரம் பார்த்து மைக்கைப் பிடுங்கியது. இரண்டாவது, சிறை சென்றோர் பட்டியலில் அவரை 'மற்றும் பலர்' என்பதற்குள் அடக்கியது. மூன்றாவது, தனக்குச் சிலை வைக்கச் சொல்லி அவரே இருபது வருடம் மனுக் கொடுத்த முச்சந்தியில் கட்டணக் கழிப்பிடம் கட்டியது.

ஆகவே, பனிக்கட்டிச் சிலைத் திருவிழா நடத்தும் ஒரு வடதேசத் தொழிற்சங்கம், உங்கள் தலைவருக்கும் ஒரு சிலை செதுக்குகிறோம் என்று எழுதியபோது, சொக்கம்பாறை செங்கல் சூளைத் தொழிலாளர் சங்கம் மொத்தமாகக் கிளம்பியது. மொத்தம் என்றால் தலைவர், சோணையன், பிச்சைக்கண்ணு, வீராயி.

போய் இறங்கினால் உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரி. தலைவரின் வேட்டி தகரமாக விறைத்து, எட்டு வைத்தால் சத்தம் போட்டது. மூக்கைத் திறந்து வைக்காதீர்கள் என்று விழாக்காரர்கள் எச்சரித்தார்கள். மற்ற மூவரும் அன்று முழுக்க இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தபடியே திரிந்தார்கள். சாப்பிடும்போது ஒருவர் மூக்கை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

சரிவின் உச்சியில் பீடம்; சரிவுக்குக் கீழே, விழாவுக்கு வந்திருந்த முதலாளிகள் சங்கத்தின் கூடாரம். சிலை எட்டடி உயரம். நீட்டிய கை, முறுக்கிய மீசை. தலைவர் அதை மூன்று முறை சுற்றி வந்தார். ஆனால் ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தால்தானே நம்புவார்கள்? புகைப்படக்காரரைக் கூட்டிவரக் கிளம்பியவர், சிலை காலத்துக்கும் நிற்க வேண்டும், நம் தொழில் சுத்தத்தைக் காட்டுங்கள் என்று உத்தரவிட்டுப் போனார்.

சோணையன் சிலையைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தான்.

"பச்சைக்கல்லு. வார்த்ததோட விட்டுட்டானுக. வேக வைக்கவே இல்ல."

"ஒரு மழைக்குத் தாங்குவாரா தலைவர்?" என்றாள் வீராயி.

"இந்த ஊர்ல மழையே கிடையாதாம்," என்றான் பிச்சைக்கண்ணு.

"அதுக்காக வேகாத தலைவரை வச்சுக்கிட்டு என்னய்யா பண்றது?"

தலைவரை வேக வைப்பது என்ற தீர்மானம் அங்கேயே ஒருமனதாக நிறைவேறியது. விழா பெஞ்சுகளை உடைத்துச் சிலையைச் சுற்றி அடுக்கி, காற்றுக்கு முறைப்படி வாய் விட்டுத் தீ மூட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குளிர் காய்ந்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

தலைவர் திரும்பி வந்தபோது பீடம் மட்டும் இருந்தது.

"சிலை எங்கடா?"

சோணையன் சரிவைக் கை காட்டினான். வீராயிதான் சொன்னாள்.

"நல்லாத்தான் வெந்துக்கிட்டு இருந்தீங்க தலைவரே. திடீர்னு சரிவுல இறங்கி, முதலாளிமாரு கூடாரத்துக்கு ஓடிட்டீங்க."

தலைவர் போய்ப் பார்த்தார். உண்மைதான். பீடத்திலிருந்து புறப்பட்ட தடம், உறைந்து பளபளத்துக்கொண்டு, நேராக முதலாளிகள் சங்கக் கூடாரத்தின் வாசலில் போய் முடிந்திருந்தது. நாற்பது வருடம் போராடியவன் கடைசியில் இப்படிச் செய்வான் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

முதலாளி பக்கம் ஓடியவனைச் சாட்சிகள் முன் பெயர் சொல்லி நீக்க வேண்டும் என்பது சங்க விதி. எழுதியவர் அவரே. ஆள் யாராக இருந்தாலும் விதி விதிதான். மற்ற மூவருக்கும் எழுத்து தெரியாது. ஆகவே தாளை வாங்கி அவரே எழுதினார். புகைப்படக்காரரையும் பனி அள்ளுகிற இரண்டு பேரையும் சாட்சியாக நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, குரல் துளியும் பிசகாமல் உரக்க வாசித்தார்:

"துரோகி, தீப்பொறி திருமேனி."