இறகு செருகிய பதினோரு பொந்துகள்

ஆற்றங்கரையில் ஒரு மருத மரம். மரங்கொத்திகள் கொத்திவிட்டுப் போன பொந்துகள் அதில் பன்னிரண்டு. பன்னிரண்டும் சோலையப்பன் என்ற கிளிக்கே சொந்தம்!

எப்படி என்கிறீர்களா? அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொந்தின் வாயில் யார் இறகைச் செருகுகிறாரோ, பொந்து அவருக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பொந்து போதாதா என்று நினைத்த நல்ல மனசுக்காரர்கள் யாரோ ஏற்படுத்தியது. சோலையப்பன் வெயில் காலத்திலேயே வந்து, பன்னிரண்டிலும் தன் இறகைச் செருகிவிட்டான். ஒன்றில் அவனும் மனைவியும் குஞ்சுகளும் இருந்தார்கள். மற்ற பதினொன்றும் சும்மா கிடந்தன.

முட்டையிடும் நாள் நெருங்கி, மைனா பூவாயி அவனிடம் வந்தாள். கணவன் சடையனும் கூட வந்தான்.

"அண்ணே, ஒரு பொந்து குடுங்க."

"குடுக்கறதுக்கு என்ன தங்கச்சி? இருபது அத்திப்பழம் கொண்டா."

இரண்டு பேரும் அன்று முழுக்க அலைந்து சேர்த்து, மறுநாள் காலையில் கொண்டுவந்தார்கள்.

"இது நேத்து விலையாச்சே. இன்னிக்கு நாப்பது" என்றான் சோலையப்பன்.

"ஒரு ராத்திரியில பொந்து வளர்ந்துருச்சா?"

"பொந்து வளரல. உன் அவசரம் வளர்ந்திருக்கு."

"ஆளில்லாம சும்மாதானே கெடக்கு!"

"கெடக்கட்டும். மழை வந்தா இன்னும் ஏறும்."

பூவாயி பழங்களை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினாள். அலையத் தெம்பும் இல்லை, நாளும் இல்லை. அதே மரத்தில் ஒரு கிளையிடுக்கில் நாலு குச்சியைப் போட்டு மூன்று முட்டையிட்டாள். மூன்றாம் நாள் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. முட்டைகள் கீழே விழுந்து உடைந்தன. எதிரிலேயே பதினோரு பொந்துகள், உள்ளே ஒரு சொட்டுகூட நனையாமல் காலியாக இருந்தன.

அவள் நேராக அவன் வாசலுக்குப் போனாள்.

"எம்புள்ளைங்களக் கொன்னது காத்து இல்லடா, நீ."

"காத்தடிச்சா நான் என்ன பண்ணுவேன்? போ, போ. வியாபாரத்தக் கெடுக்காதே."

அந்தப் பாவி சொன்னது அவ்வளவுதான். பூவாயியும் சடையனும் அக்கரைக்குப் போய்விட்டார்கள்.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில் ஒரு சாரைப்பாம்பு மருத மரத்தில் ஏறியது. வேறு மரமாக இருந்தால் ஒரு மைனா பார்த்துக் கத்தியிருக்கும். அக்கம்பக்கம் திரண்டு கொத்தி விரட்டியிருக்கும். இங்கே யார் இருக்கிறார்கள்? முதல் பொந்தில் தலையை விட்டது, ஆளில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவசரமே படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மேலே போயிற்று. பன்னிரண்டாவதில் கிளிக்குஞ்சுகள் இருந்தன.

தாய்க்கிளி இரை தேடப் போயிருந்தது. சோலையப்பன்? பக்கத்து மரத்தில் புதிதாக ஒரு பொந்து கண்டு, அதில் இறகு செருகிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து பார்த்தவன், அலறிக்கொண்டு அக்கரைக்குப் பறந்தான்.

"பாம்பு வந்தா மைனாதானே மொதல்ல கத்தும்! நீ இருந்தும் எம்புள்ளைங்க போச்சே!"

பூவாயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்தக் குஞ்சுகள்மேல் அவளுக்குப் பகை இல்லை.

"நான் எங்கடா இருந்தேன்? அந்தப் பதினொண்ணுல ஒண்ணுல என்னை இருக்க விட்டிருந்தா, தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். உம்புள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான் கத்தியிருப்பேன்."

சோலையப்பன் அலகில் புதுப் பொந்துக்கு என்று பிடுங்கிய இன்னொரு இறகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

குடியிருக்க வந்தவர்களை விரட்டி, வீடுகளைக் காலியாகப் போட்டு விலை ஏற்றுகிறவனுக்கு, தன் வீட்டில் ஆபத்து நுழையும் நாளில் குரல் கொடுக்க ஓர் அண்டைவீடுகூட இருக்காது.