பதினொரு கடுவன்களும் உண்ணிப் போட்டியும்

ஒரு காட்டில், மலைச்சரிவில் நின்ற நாவல் மரம் ஒன்றில் பதினொரு குரங்குகள் குடியிருந்தன. பதினொன்றும் கடுவன்கள், அதாவது ஆண் குரங்குகள். மந்தி எனப்படும் பெண் குரங்கு அங்கே ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள், குழந்தைகளே. அந்தக் குரங்கு இனத்தில் ஆண் குட்டிகள் வளர்ந்து ஆளானதும், கூட்டத்தின் பெரிய கடுவன் அவற்றைக் கடித்து விரட்டிவிடும். விரட்டப்பட்டவை ஒன்றாகச் சேர்ந்து தனியே திரியும். இவை அப்படிச் சேர்ந்தவை.

தாயோடு இருந்தவரை தாயும் அக்காக்களும் அவற்றின் முடியைக் கோதி, பேனும் உண்ணியும் எடுத்துவிட்டன. இங்கே வந்தபின் அதற்கு ஆளில்லை. ஒன்றுக்கொன்று எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் தலைவன் சடைமுடி அதற்குத் தடை போட்டிருந்தது.

"கோதுவதும் நீவுவதும் மந்திகள் வேலை. கடுவனுக்கு அழகு தழும்பும் அழுக்கும்தான்" என்று அது சொல்லும். தடையை மீறிய கடுவன் மரத்தின் அடிக்கிளையில்தான் படுக்க வேண்டும். அடிக்கிளை சிறுத்தைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

அந்த அடிக்கிளையில் நான்கு மாதமாக ஒரே ஒரு கடுவன் படுத்து வந்தது. அதன் பெயர் வெண்மீசை.

வெண்மீசைக்குத் தினமும் காலையில் சுனையில் முகம் கழுவியாக வேண்டும். இரண்டு பக்கத்து மீசையையும் ஒரே அளவாக நீவிவிட வேண்டும். வாலை வெயிலில் காயவைத்து, ஒட்டிய முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தண்ணீரில் தன் முகம் திருத்தமாகத் தெரிந்துவிட்டால் அன்று முழுவதும் அதற்கு மனம் லேசாக இருக்கும். யார் பார்க்க வேண்டும் என்றும் அது இதைச் செய்யவில்லை. அதற்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மற்றவை அதை "மினுக்கி" என்று கூப்பிட்டன. ஓட்டைப்பல் என்றொரு கடுவன் இருந்தது. தலைவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. அது ஒருநாள் ஒரு பூவைப் பறித்து வந்து வெண்மீசையின் காதில் செருகி, "உன்னைப் பெண் பார்க்க எப்போது வருகிறார்கள்?" என்று கேட்டது. மரமே குலுங்கும்படி எல்லாம் சிரித்தன. வெண்மீசை கூச்ச சுபாவம் உள்ளது. அது பூவை எடுத்துக் கிளையில் வைத்துவிட்டுச் சுனைப்பக்கம் போய்விட்டது.

சிரிக்காத ஒரு கடுவன் உண்டு. அது நெட்டைக்கால், வெண்மீசையின் நண்பன். காட்டிலேயே மிக நீளமாகத் தாவக்கூடியது அதுதான். நல்ல பழம் கிடைத்தால் ஒன்றைத் தான் தின்று, இன்னொன்றை அடிக்கிளைக்குப் போடும்.

பங்குனி வந்தது. மரங்களில் கொழுந்து தீர்ந்துபோயிற்று. மலைப்பிளவுக்கு அந்தப் பக்கம் அத்தி மரங்கள் காய்த்துக் குலுங்கின. ஆனால் பிளவின் அகலம் பன்னிரண்டு முழம். அடியில் முதலைகள் கிடக்கும் மடு.

"இன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் தாண்டுகிறோம்" என்று சடைமுடி அறிவித்தது. "தாண்ட முடியாதவன் இங்கேயே கிடக்கட்டும். தனிக் குரங்கைச் சிறுத்தை பார்த்துக்கொள்ளும்."

அன்றே எல்லாக் கடுவன்களும் மணல் திட்டில் தாவிப் பழகின. வெண்மீசை முழம் போட்டு அளந்தது. சடைமுடி பதின்மூன்று முழம் தாவியது. ஓட்டைப்பல்கூடப் பன்னிரண்டரை முழம் தாவியது. கடைசியாக நெட்டைக்கால் ஓடி வந்து தாவியது. வெண்மீசை அளந்தது. நம்பாமல் மறுபடியும் அளந்தது. இரண்டு முறையும் ஒன்பது முழம்தான் வந்தது.

நெட்டைக்காலைத் தனியே ஒரு பாறைக்குப் பின்னால் அழைத்துப்போய், அதன் காதை விலக்கிப் பார்த்தது வெண்மீசை. காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் அக்குளிலும் உண்ணிகள் ஆமணக்கு விதை மாதிரி ரத்தம் குடித்துப் பருத்துக் கிடந்தன. நெட்டைக்கால் சரியாகத் தூங்கிப் பல நாட்கள் ஆகியிருந்தன. தின்பதும் குறைந்திருந்தது.

"இங்கே யாரும் இல்லை. நான் எடுத்துவிடுகிறேன், உட்கார்" என்றது வெண்மீசை.

"வேண்டாமடா. யாராவது பார்த்தால் என்னையும் மினுக்கி என்பார்கள்."

"என்னைத்தான் நான்கு மாதமாகச் சொல்கிறார்கள். நான் செத்தா போனேன்?"

"நீ தாங்குவாய். எனக்கு அந்தத் தெம்பு கிடையாது" என்று சொல்லிவிட்டு நெட்டைக்கால் எழுந்து நடந்தது. நடையிலேயே தள்ளாட்டம் தெரிந்தது.

வெண்மீசை மறுநாள் முழுவதும் யோசித்தது. கெஞ்சினால் நண்பன் கேட்கப்போவதில்லை. தலைவனிடம் முறையிட்டால் சிரிப்புத்தான் மிஞ்சும். எஞ்சியிருந்தவை ஏழு நாட்கள்.

மூன்றாம் நாள் காலையில் கடுவன்கள் வழக்கம்போலப் பாறையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டே பெருமை பேசின. சடைமுடி தன் சிக்குப் பிடித்த பிடரியைத் தட்டிக் காட்டி, தன் உடம்பில் இருநூறு உண்ணியாவது இருக்கும் என்றும், அத்தனையையும் முகம் சுளிக்காமல் தாங்குவதாகவும் சொன்னது. பக்கத்தில் இருந்த கடுவன் தன்னிடம் முந்நூறு இருப்பதாகச் சொன்னது. ஓட்டைப்பல் தன்னிடம் ஆயிரம் என்றது.

வெண்மீசை மெதுவாகக் கிட்டே போயிற்று. கூச்சத்தை விட்டுப் பேசியது.

"அண்ணே, இப்படி வாயால் சொன்னால் யார் பெரிய வீரன் என்று எப்படித் தெரியும்? ஒரு போட்டி வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம். யாருக்கு அதிகமோ அவரே பிளவை முதலில் தாண்டட்டும்."

சடைமுடிக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் மினுக்கிக்குப் போட்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. வெண்மீசை தான் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி, விதிகளைச் சொன்னது.

தன் உண்ணியைத் தானே எண்ணினால் கூட்டிச் சொல்லத் தோன்றும், ஆகவே ஜோடி சேர்ந்து ஒருவருடையதை ஒருவர் எண்ண வேண்டும். எண்ணிய உண்ணியையே திரும்ப எண்ணிவிடக் கூடாது, ஆகவே எண்ணியதைப் பிடுங்கித் தேக்கிலையில் வைக்க வேண்டும். எண்ணி முடித்த உடம்பை வெண்மீசை சோதிக்கும். அதில் விட்டுப்போன உண்ணி ஒன்று அகப்பட்டாலும், எண்ணியவரின் கணக்கிலிருந்து பத்துப் பத்தாகக் குறையும்.

"பிடுங்குவதா? அது மந்திகள் வேலை அல்லவா?" என்று ஒரு கடுவன் இழுத்தது.

"அவர்கள் பேன் பார்ப்பார்கள். நாம் போட்டி போடுகிறோம்" என்று சடைமுடி அதட்டியது. ஓட்டைப்பல்லும் அதையே திருப்பிச் சொன்னது.

பத்துக் கடுவன்கள், ஐந்து ஜோடிகள். தனக்குச் சரியான போட்டி நெட்டைக்கால்தான் என்று சடைமுடி கண்டுகொண்டது. வேறு யாரும் எண்ணி அதற்குக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று, தானே அதன் ஜோடியாக உட்கார்ந்தது. வெண்மீசை முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் நெட்டைக்காலின் முறை. சடைமுடி அதன் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தது. காதுக்குள் விரல் விட்டுப் பார்த்தது. பத்துப் பத்தாகத் தன் கணக்கு குறைந்துவிடுமே என்ற பயத்தில் விரலிடுக்கைக்கூட விடவில்லை. நூற்று முப்பத்தோரு உண்ணிகள் இலைக்கு வந்தன. வெண்மீசை சோதித்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

பிறகு சடைமுடியின் முறை. அது முதலில் கட்டை மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தது. நெட்டைக்கால் சிக்கைப் பிரித்து, பிடரியில் விரல் வைத்தது. நாற்பது எண்ணும்போது தலைவனின் தோள் இறங்கியது. எழுபது எண்ணும்போது கண் சொருகியது. தொண்ணூற்று எட்டில் நெட்டைக்கால் கை வலித்துக் கொஞ்சம் நிறுத்தியது.

"ஏன் நிறுத்தினாய்?" என்றது சடைமுடி, கண்ணைத் திறக்காமலே. "முதுகின் நடுவில் நீ சரியாக எண்ணவில்லை. அங்கே மறுபடி எண்ணு."

பொழுது சாய்வதற்குள் எண்ணி முடிந்தது. சடைமுடிக்கு நூற்று நாற்பத்திரண்டு. ஆயிரம் என்று சொன்ன ஓட்டைப்பல்லுக்கு நாற்பத்தாறு. அதுவும் தன் ஜோடியின் அக்குளில் இரண்டை விட்டுவிட்டதால் இருபது குறைந்து, இருபத்தாறில் வந்து நின்றது. எல்லா இலைகளிலும் இருந்தவற்றைக் கூட்டினால் எண்ணூற்றுப் பன்னிரண்டு. வெண்மீசை அவற்றைச் சுடுபாறையில் கொட்டியது.

சடைமுடி வென்றது. முதலில் தாண்டும் உரிமை அதற்கே.

மறுநாள் விடிந்தும் கடுவன்கள் எழவில்லை. அத்தனை நல்ல தூக்கம். எழுந்தபின் பாறையில் வந்து உட்கார்ந்தன. சொறிய ஒன்றும் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓட்டைப்பல் கூட்டத்தின் நடுவே வந்து, தன் கணக்கில் ஏதோ பிழை இருக்கும்போல் தோன்றுகிறது, மறுபடி எண்ணிப் பார்த்தால் நல்லது என்று சொன்னது. உடனே எல்லாவற்றுக்கும் தங்கள் தங்கள் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டது. அன்றும் எண்ணின. அதற்கடுத்த நாளும் எண்ணின. அதற்குப் பேன் பார்ப்பது என்று ஒரு கடுவனும் பெயர் வைக்கவில்லை.

நெட்டைக்கால் தூங்கியது. தின்றது. மறுபடி தூங்கியது. வெண்மீசை எங்கெங்கோ தேடிக் கொழுந்து கொண்டுவந்து கொடுத்தது. ஆறாம் நாள் நெட்டைக்கால் மணலில் பத்தரை முழம் தாவியது. எட்டாம் நாள் சரியாகப் பன்னிரண்டு. அதற்குமேல் அரை விரல்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் எல்லாம் பிளவின் விளிம்புக்கு வந்தன. சடைமுடி முதலில் தாவி அக்கரை மரத்தைப் பிடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கடுவன்கள் தொடர்ந்தன. இக்கரையில் நெட்டைக்காலும் வெண்மீசையும் மட்டும் நின்றன.

நெட்டைக்கால் கீழே பார்த்தது. மடுவில் இரண்டு முதலைகள் அசையாமல் கிடந்தன.

"அரை விரல் பிசகினால் போச்சு" என்றது நெட்டைக்கால்.

"மணலில் நீ தாவியபோது பயம் இல்லை. பயத்தில் தாவினால் ஒரு முழம் கூடும். அதைச் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட்டேன். போ" என்றது வெண்மீசை.

நெட்டைக்கால் இருபது அடி பின்னால் போய், ஓடி வந்து தாவியது. அதன் கைக்கு ஒரு கிளையின் நுனி மட்டும் அகப்பட்டது. கிளை வளைந்து வளைந்து மடுவை நோக்கி இறங்கியது. அப்போது மேலிருந்து ஒரு கை நீண்டு அதன் மணிக்கட்டைப் பற்றி இழுத்தது. அது சடைமுடியின் கை.

வெண்மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியாகத் தாவியது. பன்னிரண்டு முழத்தைச் சிரமமில்லாமல் கடந்தது.

அன்று எல்லாம் வயிறு நிறைய அத்திப்பழம் தின்றன. வெயில் ஏறியதும் நிழலில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துகொண்டன. வெண்மீசை சற்றுத் தள்ளி உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருந்தது. சடைமுடி அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பிடுங்கி இலையில் வைக்கச் சொன்னபோதே உன் தந்திரம் எனக்குப் புரிந்துவிட்டது" என்றது. "நிறுத்தியிருப்பேன். முதுகு கேட்கவில்லை."

வெண்மீசை தலையைக் குனிந்துகொண்டது.

"அதுசரி, பத்துப் பேருக்கும் எண்ணினோம். உன் முதுகை யார் எண்ணினார்கள்?"

"யாரும் இல்லை அண்ணே. எனக்குத்தான் போட்டியில் இடமில்லையே. முதுகுக்கு என் கை எட்டாது."

"திரும்பு."

வெண்மீசை திரும்பி உட்கார்ந்தது. ஒன்பது கடுவன்கள் பார்க்க, தலைவன் அதன் முதுகு முடியை மெதுவாக வகிர்ந்தது. ஒரு கடுவனும் சிரிக்கவில்லை.

"எத்தனை இருக்கிறது அண்ணே?" என்று வெண்மீசை கேட்டது.

"பேசாதே" என்றது சடைமுடி. "கணக்குத் தவறிவிடும்."

நீதி: தன் உடம்பைப் பேணிக்கொள்ள ஆணும் வெட்கப்பட வேண்டியதில்லை.