கைமாற்றாகப் போன ஆள்

மலேசியாவில், சுங்கை பட்டாணி ஊர்ச் சந்தைக்குப் பின்னால் பரிமளம் என்றொரு பெண்மணி சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அவள் மாட்டிக்கொண்ட சிக்கல் இது. விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் வெட்கப்பட வேண்டாம், அன்றைக்கு அவளுக்கும்தான் தெரியவில்லை.

அவள் கடையில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். அந்தப் பெர்மிட்டை வாங்குவதற்குள் பரிமளத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டு, ஆட்களைத் தங்க வைக்கும் வீட்டைக் காட்டு என்று அலையோ அலை என்று அலைய விட்டார்கள். கிடைத்த பெர்மிட்டுக்கும் ஒரு கட்டு உண்டு. எந்த முதலாளி, எந்தக் கடைக்கு வாங்கினாரோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். அடுத்த கடையில் கரண்டியைத் தொட்டாலும் குற்றம்.

ஆனால் அந்தத் தெருவுக்கென்று வேறொரு சட்டம் இருந்தது. அதன் பெயர் கைமாற்று. மற்ற இடங்களில் காசைத்தான் கைமாற்றாக வாங்குவார்கள். இந்தத் தெருக் கடைக்காரர்களோ தேங்காய், கேஸ் சிலிண்டர், பிசைந்த மாவு என்று எதை வேண்டுமானாலும் வாங்குவார்கள், மறுநாள் திருப்பிக் கொடுப்பார்கள். இல்லை என்று சொன்னவரைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துக் கடைச் சந்தனசாமி அரக்கப் பரக்க ஓடி வந்தார். அவர் கடையில் ரொட்டி போடுபவருக்குக் காய்ச்சல், வாசலிலோ கூட்டம்.

"பரிமளம், உன் குணசீலனை ஒரு காலைக்குக் கைமாத்தாக் குடும்மா. மத்தியானம் திருப்பி அனுப்பிடுறேன்."

சிலிண்டர் கேட்பது போலவே கேட்டார். அவளும் சிலிண்டர் கொடுப்பது போலவே கொடுத்தாள். என்னத்தைச் சொல்ல! அடுப்படிப் பக்கம் திரும்பி, "குணா, அண்ணன் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடுப்பா" என்றாள்.

குணசீலன் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, என் பெர்மிட்டு நம்ம கடைக்குத்தானே?" என்று கேட்டான்.

"பக்கத்துக் கடைதானேப்பா. யாரு பாக்கப் போறா?"

அக்கா சொல்லை அவன் தட்டியதில்லை. போனான்.

பார்த்துவிட்டார்கள். குடிநுழைவு அதிகாரிகளின், அதாவது இமிக்ரேஷன்காரர்களின், வண்டி வந்து நின்றபோது குணசீலன் சந்தனசாமி கடைக் கல்லில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சந்தனசாமி முந்திக்கொண்டார். "நான் கூப்பிடவே இல்லைங்க. கூட்டத்தைப் பார்த்துட்டு அவராத்தான் வந்து நின்னாரு." மனுஷன் வாய் கூசாமல் சொன்னார்!

பரிமளத்தை அழைத்தார்கள். பெரிய அதிகாரி மரியாதையாகவே பேசினார். "இவரை யார் அனுப்பியிருந்தாலும் இவருடைய பெர்மிட் போனது போனதுதான். ஊருக்கு அனுப்பிவிடுவோம், திரும்பி வர முடியாது. நீங்கள் அனுப்பினீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. ஆம் என்றால், இனி உங்களுக்கு வெளிநாட்டு ஆட்கள் கிடையாது. மற்ற மூவரும் கிளம்ப வேண்டியதுதான்."

கடை வாசலில் அந்த மூவரும் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் குணசீலன் பேசிவிட்டான்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார். நானாத்தான் வந்தேன்."

"அப்படியா?" என்று அதிகாரி அவளைக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பாவி, வேறு என்னதான் செய்வாள்? அவனை ஏற்றிக்கொண்டு வண்டி போனது. கொஞ்ச நாளில் விசாரணையை முடித்து அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள். ஃபைலையும் மூடிவிட்டார்கள்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, தொண்டியிலிருந்து அவன் மனைவி செல்வமேரி பரிமளத்துக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கேட்டா நானாத்தான் போனேங்குறாரு, அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. ரெட்டைச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு இருந்த வேலையையும் கெடுத்துட்டு வந்தவன்னு எங்க அண்ணன்ங்க ஏசுறாங்க. மனுஷன் வெளியில தலை காட்டுறதில்ல. நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. உங்க கடையில அவருக்கு என்ன குறை? எதுக்கு அங்க போனாரு?"

உண்மையைச் சொன்னால் அந்த ஊரே பரிமளத்தைச் சபிக்கும். இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் அவள் கடைக்கு வேலைக்கு வர மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதானே குணசீலனே வாய் மூடிக் கிடக்கிறான்?

இப்போது சொல்லுங்கள். அவன் காப்பாற்றுகிற பொய்யை அவளும் காப்பாற்றுவது சரியா, போட்டு உடைப்பது சரியா?

விடை: உடைப்பதுதான் சரி. அதிகாரி முன்னால் அவள் உண்மை பேசியிருந்தால் மூன்று பேர் பிழைப்பு போயிருக்கும், குணசீலனும் மீண்டிருக்க மாட்டான். அந்தத் தலையாட்டலை மன்னித்துவிடலாம். போனில் கதை வேறு. உண்மையைச் சொன்னால் அவள் பெயர் கெடும், மறைத்தால் அவன் பெயர் கெடும். அவன் பொய் சொன்னது அந்த மூன்று பேருக்காக, அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். போன வேலையைத் திருப்பித் தர அவளால் ஆகாது, இதையாவது செய்யலாம். பரிமளம் அழுதுகொண்டே, "நான்தாம்மா அனுப்பினேன்" என்றாள். செல்வமேரி, "இருங்கக்கா, ஸ்பீக்கர்ல போடுறேன். இன்னொரு தடவை சொல்லுங்க, எங்க அண்ணன்ங்க கேக்கட்டும்" என்றாள்.