சங்கிலி இல்லாத அடைப்பான்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய பங்களா. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த வீடு அது. இப்போது உமையம்மாளும், அவரைத் தேடி வந்து தங்கிவிட்ட சிலரும் இருந்தார்கள். உமையம்மாள் முன்பு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்தவர். பிரசங்கம் எல்லாம் அவருக்கு வராது. யாராவது கேள்வி கேட்டால் ஒரு வேலை கொடுப்பார். அதனாலேயே பலர் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

நிறுத்தாதவர் சென்னியப்பன். அணையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். உமையம்மாளைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் “அம்மா” என்றுதான் கூப்பிடுவார். தன் காலத்தில் ஒரு ஷட்டர்கூடக் கசிந்ததில்லை என்பதை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், கோகிலவாணி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் பேச்சை மீறித் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். தாலி ஏறிய செய்தி வந்ததும் சென்னியப்பன் கிணற்றடிக்குப் போய், தெருவே பார்க்க, செத்தவர்களுக்குச் செய்வதுபோலத் தலைமுழுகினார். ஈரத் துண்டோடு வீட்டுக்குள் போனவர் பிறகு அவள் பேரை எடுக்கவில்லை.

அந்தக் கோகிலவாணிதான் இப்போது பங்களாவுக்குப் போன் செய்திருந்தாள். அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாளாம்.

சென்னியப்பன் உமையம்மாளிடம் வந்து நின்றார்.

“அம்மா, அவ வர்றதைக் கேட்டதும் எனக்குள்ள ஒரு சொட்டுகூட அசையலீங்க. கோபம் இல்ல, ஆசையும் இல்ல. பற்று போயிருச்சுனுதானே அர்த்தம்? நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவளைப் பார்க்காமலே அனுப்பிருவேன்.”

உமையம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“குளியலறைத் தொட்டியில அடைப்பான் இத்துப் போச்சு. ராத்திரி பிடிக்கிற தண்ணி காலையில பாதிதான் இருக்கு. அதை மாத்துங்க. அப்புறம் பேசலாம்.”

அந்தத் தொட்டி துரை படுத்துக் குளித்தது. இரும்பில் வார்த்து மேலே வெள்ளைப் பூச்சு பூசியது. அதில் இவர்கள் யாரும் இறங்கியதில்லை. தன் அழுக்கிலேயே தான் ஊறிக் கிடப்பது என்ன குளியல் என்று எல்லோருக்கும் ஓர் அருவருப்பு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் தொட்டியை நிரப்பி வைத்து, பக்கத்தில் நின்று மக்கில் மொண்டு குளிப்பார்கள்.

சென்னியப்பன் பழைய அடைப்பானைப் பிடுங்கினார். ரப்பர் கையில் உதிர்ந்தது. அதோடு சேர்ந்திருந்த பித்தளைச் சங்கிலியையும் குப்பையில் போட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போனார். எந்தக் கடையிலும் அந்த அளவு இல்லை.

திரும்பி வந்தபோது உமையம்மாள் தையல் டேப்பால் தொட்டியின் ஓட்டையை அளந்துகொண்டிருந்தார். குப்பையில் போட்ட சங்கிலி சுவரில் ஆணியில் தொங்கியது.

“கொஞ்சம் பொறுங்க. வெளியூர்ல கிடைக்கும்,” என்றார்.

பொறுக்கிற ஆளா ஓவர்சியர்? அன்று சாயங்காலமே ஒரு மரக்கட்டையை வட்டமாகச் செதுக்கினார். சணல் சுற்றி ஓட்டையில் அடித்து இறக்கினார். மேலே வெள்ளை சிமெண்ட் குழைத்துப் பூசி, விரலால் வழித்து மட்டம் செய்தார்.

தொட்டி நிரம்பியது. காலையில் பார்த்தால் வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. போகும்போதும் வரும்போதும் குளியலறையை எட்டிப் பார்த்தார்.

“அம்மா, பார்த்தீங்களா? ஒரு சொட்டு?”

“பார்த்தேன்.”

“இப்பப் பேசலாமுங்களா?”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

நாள் போனது. மேல் தண்ணீரை மொண்டார்கள். அதன்மேலேயே புதுத் தண்ணீர் விழுந்தது. அடித் தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் ஓரத்தில் பச்சையாக வழுக்கியது. பிறகு ஒரு வாடை வந்தது. பிறகு சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. குளித்தவர்கள் உடம்பு அரிக்கிறது என்றார்கள். சென்னியப்பன் மலைக்காற்றின்மேல் பழி போட்டார்.

இந்த நாட்களில் பற்றில்லாத அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. மேட்டுப்பாளையம் பஸ் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று டீக்கடையில் மூன்று முறை விசாரித்தார். “சும்மா தெரிஞ்சு வெச்சுக்கத்தான்” என்று மூன்று முறையும் சொன்னார்.

அந்த ஞாயிறு வந்தது.

“குழந்தை வருது. தொட்டியைக் காலி பண்ணிக் கழுவி வெச்சிருங்க,” என்றார் உமையம்மாள்.

சென்னியப்பன் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினார். இடுப்பு விட்டுப் போனது. அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் மக்குக்குச் சிக்காமல் நின்றது. துணியால் ஒற்றினார். ஒற்ற ஒற்ற வண்டல் கலங்கியதே தவிரக் குறையவில்லை. உமையம்மாள் வாசலில் நின்று பார்த்தார்.

“அணையில ஷட்டர் இப்படித்தான் வெப்பீங்களா?”

“அது வேறம்மா. அங்க திறக்கணுமே...”

சொல்லிக்கொண்டே தொட்டியின் அடியைப் பார்த்தார். ஈரத் துணி கையிலேயே இருந்தது.

எழுந்துபோய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார்.

“உளி பட்டுத் தொட்டியில விரிசல் விட்டுட்டா?” என்று கேட்டார் உமையம்மாள்.

“விட்டா விடட்டும்.”

தான் பூசிய சிமெண்டைத் தானே பெயர்த்தார். அது லேசில் பெயரவில்லை. ஓவர்சியர் கைவேலை அல்லவா! விரல் முட்டியில் தோல் உரிந்தது. கடைசியில் கட்டை பிளந்து கையோடு வந்தது. கறுப்புத் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. வாடை வீடு முழுக்க அடித்தது. சென்னியப்பன் மூக்கைப் பொத்தவில்லை. தண்ணீர் போகும் ஓட்டையையே பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார்.

“அப்பா.”

குளியலறை வாசலில் கோகிலவாணி நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், இன்னொரு காலில் நீலம்.

கோகிலவாணி பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“உமையம்மா போன்ல அளவு சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கோயமுத்தூர் முழுக்கத் தேடினேன்ப்பா. சரியா இருக்குதானு பாருங்க.”

உள்ளே ஒரு புது ரப்பர் அடைப்பான். தலையில் சின்ன வளையம்.

சென்னியப்பன் அதை வாங்கி ஓட்டையில் வைத்து அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. வளையத்தைப் பிடித்து இழுத்தார். வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி இழுத்தார்.

“சரியா இருக்கு, கண்ணு,” என்றார். எட்டு வருஷம் கழித்து அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளோடு கூடத்துக்குப் போனாள்.

சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

“அம்மா, ஒரு சொட்டுகூட அசையலைன்னு உங்ககிட்டச் சொன்னேனே. இப்ப இப்படி ஆயிருச்சே. எனக்குப் பற்று போச்சா, போகலையா? நீங்க இன்னும் பதிலே சொல்லலீங்களே.”

உமையம்மாள் ஆணியில் தொங்கிய பித்தளைச் சங்கிலியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, அவர் ஈரக் கையில் வைத்தார்.

“வளையத்துல இதைக் கோத்துருங்க. பேத்தி தண்ணியில விளையாடி முடிச்சதும் அவளே இழுத்து விட்டுருவா.”